தெருவுக்குள் காற்று எங்கிருந்து வருகிறது?

உயரமான கட்டடம் ஒன்றின் முனையைத் திரும்பியதும் குடை மடங்கிப்போகிறது, கையிலிருந்த தாள் பறக்கிறது. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இரண்டு கட்டடங்களுக்கு நடுவே காற்று நெருக்கப்படுகிறது, அதனால் வேகம் பிடிக்கிறது." அதே ஆள் அடுத்த தெருவில் வியர்த்து நிற்கும்போது, "சுற்றிலும் கட்டடமாக எழுப்பிவிட்டார்கள், காற்று எப்படி உள்ளே வரும்?" என்பார். கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் காற்று வேகமாகிறது என்றும், அவை நெருங்கி நிற்பதால் காற்றே வருவதில்லை என்றும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டு அனுபவங்களும் உண்மை. அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் கோளாறு.

இரண்டையும் விளக்க ஒரே செய்தி போதும். நெருக்கமாகக் கட்டப்பட்ட நகரத்தில், தெருவில் நாம் உணரும் காற்றின் பெரும்பகுதி கூரைகளுக்கு மேலே ஓடும் வேகமான காற்றிலிருந்து வருகிறது. அது கீழே இறங்க வழி கிடைக்கும் இடத்தில் ஆளைத் தள்ளுகிறது. வழி கிடைக்காத இடத்தில் புழுக்கம். நெருக்கடி என்பது இந்தக் கதையில் ஒரு துணைப் பாத்திரம் மட்டுமே.

## ரப்பர் குழாயும் திறந்த தெருவும்

நெருக்கினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கைக்கு நியாயமான ஒரு மூலம் உண்டு. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். குழாய்க்குள் ஓடும் திரவம் குறுகலான இடத்தில் வேகமெடுக்கும், அந்த இடத்தில் அதன் அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவானி பட்டிஸ்டா வென்ட்டூரி 1797இல் எழுதினார். இதற்கு வென்ட்டூரி விளைவு என்று பெயர். குழாயைப் பொறுத்தவரை இதில் பிழையே இல்லை.

ஆனால் குழாய்க்குள் இருக்கும் தண்ணீருக்கு வேறு போக்கிடம் கிடையாது. பின்னாலிருந்து வருவதெல்லாம் அந்தச் சிறு வாய் வழியாகவே வெளியேறியாக வேண்டும். அதே குழாயின் மேல்புறத்தை நீளவாக்கில் கத்தியால் கீறிவிட்டு, பிறகு வாயை அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் பீய்ச்சாது, கீறல் வழியே வழிந்துவிடும். தெரு என்பது மேலே முழுக்கக் கீறப்பட்ட குழாய்தான். அதற்கு மூடி இல்லை. பக்கங்களிலும் சந்துகள் திறந்து கிடக்கின்றன. குறுகலான இடைவெளியை நோக்கி வரும் காற்று, முன்னே அழுத்தம் கூடியிருப்பதால், அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே விலகத் தொடங்குகிறது. கணிசமான பகுதி கூரைக்கு மேலாகவும் வெளி முனைகளைச் சுற்றியும் போய்விடுகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெர்ட் ப்ளாக்கனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்கும் இரண்டு நீண்ட கட்டடங்களுக்கு இடையிலுள்ள வழியைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தார்கள். புனலைப் போலக் குவியும் இந்த அமைப்பு காற்றை வாரி இழுத்துப் பாய்ச்சும் என்பதுதான் வழக்கமான எதிர்பார்ப்பு. அந்த வழியாகப் போன மொத்தக் காற்றோ, கட்டடங்களே இல்லாமல் இருந்திருந்தால் அதே இடத்தில் போயிருக்கக்கூடிய அளவைவிடப் பெரிதாகக் கூடவில்லை. வேகம் கூடியது உண்மைதான், ஆனால் அது தரைக்கு அருகில் மட்டுமே எடுப்பாகத் தெரிந்தது. தரைக்கு அருகில் மட்டும் ஏன் என்ற கேள்விக்குச் சற்று நேரத்தில் வருவோம். முழு விஷயமும் அதில்தான் இருக்கிறது.

போகிற போக்கில் இன்னொரு தவறான பேச்சையும் ஒதுக்கிவிடலாம். காற்று "நசுங்கி அடர்த்தியாகி" வேகமெடுக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. பலூனுக்குள் காற்றை அடைப்பதை நினைத்துக்கொண்டு சொல்வது அது. தெருவில் வீசும் வேகங்களில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய மாறுவதே இல்லை. வினாடிக்கு 100 மீட்டரை நெருங்கும்போதுதான் அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். அது கடும் புயல்களையும் மிஞ்சும் வேகம்.

## காற்றைத் தள்ளுவது எது?

அழுத்த வேறுபாடு. அழுத்தம் என்பது ஒரு பரப்பின் மேல் காற்று கொடுக்கும் தள்ளுவிசை. அது கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கித்தான் காற்று முடுக்கப்படுகிறது.

காற்று ஒரு சுவரில் நேராக மோதினால், அந்த முகப்பில் அழுத்தம் கூடுகிறது. அதே காற்று சுற்றிக்கொண்டு விலகி ஓடுவதால், பக்கச் சுவர்களிலும் பின்புறத்திலும் அழுத்தம் குறைகிறது. காற்று வந்து மோதும் பக்கத்தை எதிர்ப்பக்கம் என்றும், கட்டடத்தால் மறைக்கப்பட்ட பின்பக்கத்தை மறைவுப்பக்கம் என்றும் இனிக் குறிப்பிடுகிறேன்.

இந்த வேறுபாடு பார்வைக்கு மிகச் சிறியது. வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று சுவரில் மோதி நின்றால், அங்கே கூடும் அழுத்தம் சுமார் 60 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த 60 பாஸ்கல் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஆறு கிலோ எடை சாய்ந்திருப்பதற்குச் சமம். விரித்த குடையின் பரப்பை நினைத்துக்கொண்டால் மீதி புரிந்துவிடும்.

இந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. "கொஞ்சம்தான் காற்று கூடியது, அதற்குள் நிற்க முடியவில்லை" என்பது மிகைப்படுத்தல் அல்ல.

## உயரே போகப் போக

தரை காற்றைப் பிடித்து நிறுத்துகிறது. புல், மரம், வீடு, கோபுரம் என்று வழியில் எதிர்ப்படும் ஒவ்வொன்றும் அதன் வேகத்தைக் குறைக்கிறது. இந்த உராய்வின் பாதிப்பு சில நூறு மீட்டர் உயரம் வரை உணரப்படும். அந்த அடுக்கை எல்லைப்படலம் என்பார்கள். அதற்குள் கீழே மெதுவான காற்று, மேலே போகப் போக வேகமான காற்று. திறந்த சமவெளியில்கூட, 10 மீட்டர் உயரத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு வேகம் 100 மீட்டரில் இருக்கும். விசைக்கு மாற்றிப் பார்த்தால் அது இரண்டு மடங்கு. தரை கரடுமுரடாக இருக்கும் நகரத்தில் மேலுக்கும் கீழுக்குமான இந்த இடைவெளி இன்னும் பெரிது.

வானிலை அறிவிப்பில் சொல்லும் வேகம் பொதுவாகத் திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒரு தெரு முனையில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. அதே நாளில் ஒரு தெருவில் அதில் கால்பங்கும், அடுத்த முனையில் அதைவிட அதிகமும் இருக்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: தெருவுக்கு மூடி இல்லாததால் நெருக்கடி மட்டும் காற்றை வேகமாக்கிவிடாது. அழுத்த வேறுபாடுதான் அதைத் தள்ளுகிறது. வேகமான காற்று எப்போதும் தலைக்கு மேலே தயாராக இருக்கிறது.

## தனித்து உயர்ந்த கட்டடம் செய்யும் வேலை

ஒரே உயரத்தில் வரிசையாக நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எதிர்ப்பக்கச் சுவரின் மேற்பகுதியில் வேகமான காற்று மோதுகிறது, கீழ்ப்பகுதியில் மெதுவான காற்று. வேகமாக மோதும் இடத்தில் அழுத்தம் அதிகம் என்பதால், ஒரே சுவரிலேயே மேலே கூடுதல் அழுத்தமும் கீழே குறைவான அழுத்தமும் உண்டாகின்றன. அப்புறம் நடப்பது எளிது. மேலே மோதிய காற்று சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே சரிகிறது. இதைச் சரிவுக்காற்று என்று வைத்துக்கொள்வோம்.

கட்டட உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் நான்கில் மூன்று பங்கு வரையிலான உயரத்தில் ஓர் இடம் உண்டு. அங்கே மோதும் காற்று ஏறக்குறைய நின்றே போகிறது. அதற்கு மேலே மோதுவது கூரையைத் தாண்டிப் போகிறது. பக்கவாட்டில் நழுவியது போக, கீழே மோதுவதில் பெரும்பகுதி தெருவை நோக்கி இறங்குகிறது. ஆக, கட்டடத்தின் அகன்ற முகப்பு பெரிய அளவில் மேற்காற்றை, அதாவது உயரே ஓடும் காற்றை, வாரிக் கீழே அனுப்பும் பலகையாக வேலை செய்கிறது. ஒல்லியான கோபுரத்தைவிட அகலமான பலகை வடிவக் கட்டடம் இந்தத் தொல்லையில் மோசமானது, ஏனென்றால் ஒல்லிக் கட்டடத்தில் காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். உயரத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் பலர் அகலத்தைக் கவனிப்பதில்லை.

இறங்கிய காற்று தரையில் மோதிச் சுருண்டு, கட்டடத்தின் காலடியில் உருளை வடிவச் சுழலாகப் படுத்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குக் காற்று கட்டடத்திலிருந்து தெருவை நோக்கி, அதாவது வானிலை அறிவிப்பு சொன்ன திசைக்கு எதிராக, அடிப்பதுபோல் தோன்றும். உண்மையிலேயே அப்படித்தான் அடிக்கிறது.

பிறகு அது இரு முனைகளையும் நோக்கி ஓடுகிறது. முன்னே கூடிய அழுத்தம், பக்கச் சுவரில் குறைந்த அழுத்தம், இரண்டுக்கும் நடுவே ஒரு முனை. அந்த முனையில் சில மீட்டர் தூரத்துக்குள் காற்று சட்டென்று முடுக்கப்படுகிறது. இதுவே முனைக்காற்று. குடை மடங்குவது இங்கேதான். சுவரின் மறைவில் நடந்து வந்தவர் ஓரிரு அடிகளில் அமைதியிலிருந்து முழு வேகத்துக்குள் போய்விடுகிறார். சீராக அடிக்கும் பலத்த காற்றில் உடல் சாய்ந்து சமாளித்துக்கொள்ளும், திடீர் மாற்றத்துக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

நியூயார்க்கின் ஃபிளாட்அயர்ன் கட்டடம் 1902இல் கட்டி முடிக்கப்பட்டபோதே இந்தத் தொல்லை பேச்சாகிவிட்டது. முக்கோண வடிவில் தெருமுனையில் தனியாக நின்ற அந்தக் கட்டடத்தின் காலடியில் தொப்பிகள் பறந்தன, பாவாடைகள் தூக்கின. அதை வேடிக்கை பார்க்கக் கூடியவர்களைக் காவலர்கள் விரட்ட வேண்டியிருந்தது. அது சிரிப்பாகப் போயிற்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2007இல் எழுந்த பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் கதை அப்படி முடியவில்லை. சுமார் 112 மீட்டர் உயரமுள்ள அந்தக் கட்டடத்தின் அருகே 2011 மார்ச் மாதம் காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்து சென்றுகொண்டிருந்த ஒருவர் இறந்தார். அதற்குப் பின் பலத்த காற்று வீசும் நாட்களில் அந்தச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சாலைக்கு மேலே பெரிய காற்றுத் தடுப்புகள் அமைக்கப்பட்டன.

கட்டடத்தின் அடியில் தூண்களை நிறுத்தி, குறுக்கே நடந்து போக வழி விட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த வழியின் ஒரு வாய் எதிர்ப்பக்கத்தின் கூடுதல் அழுத்தத்தில் திறக்கிறது, மறு வாய் மறைவுப்பக்கத்தின் குறைந்த அழுத்தத்தில். நடுவில் ஒளிய இடமே இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1964இல் கட்டப்பட்ட கிரீன் கட்டடம் இப்படித் திறந்த அடித்தளத்துடன் நின்றது. காற்று பலமாக அடித்த நாட்களில் கதவுகளைத் திறக்கவே முடியவில்லை, கடைசியில் சுழல்கதவுகளைப் பொருத்தினார்கள். எதிரே நிற்கும் பெரிய இரும்புச் சிற்பத்தைக் காற்றைத் திருப்பிவிடத்தான் வைத்தார்கள் என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. கதைதான், சிற்பம் அந்த நோக்கத்தில் வைக்கப்பட்டதல்ல.

முன்பு நிறுத்திவைத்த கேள்விக்கு இப்போது வரலாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே தரைக்கு அருகில் மட்டும் ஏன் வேகம் கூடுகிறது? கட்டடம் இல்லாத இடத்தில் தரையோரக் காற்று மிக மெதுவாக இருந்திருக்கும். இப்போது மேலிருந்து இறங்கிய வேகமான காற்று அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நெருக்கடியால் பிறந்த வேகமாகத் தெரிவது பெரும்பாலும் மேலிருந்து இறக்குமதியான வேகம்.

சுருக்கமாக: சுற்றியுள்ளவற்றைவிட மிக உயர்ந்து, அகலமாக நிற்கும் கட்டடம் மேற்காற்றைக் கீழே இறக்குகிறது. இறங்கியது முனைகளிலும் அடிவழிகளிலும் முடுக்கம் பெறுகிறது.

## தெருவின் குறுக்கே காற்று போகும்போது

இனி எதிர்மாறான நிலை. இருபுறமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் தொடர்ச்சியாகக் கட்டடங்கள், நடுவே ஒரு தெரு. இப்படி இரு சுவர்களுக்கு நடுவே பள்ளம்போல் அமைந்த தெருவை ஆய்வாளர்கள் தெருப்பள்ளத்தாக்கு என்கிறார்கள். கூரைகளுக்கு மேலே காற்று தெருவின் குறுக்கே வீசுகிறது. கீழே என்ன நடக்கும் என்பதைக் கட்டட உயரத்துக்கும் தெரு அகலத்துக்குமான விகிதம் தீர்மானிக்கிறது. நகரக் காலநிலை அறிஞர் டிம் ஓக் 1988இல் இதை மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்.

தெரு மிக அகலமாக, அகலம் கட்டட உயரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், காற்று ஒரு வரிசையைத் தாண்டியதும் தரைக்கு இறங்கிவிடும். தெருவில் நிற்பவருக்கு அது கிடைக்கும். அகலம் குறையக் குறைய, முதல் வரிசையின் மறைவு அடுத்த வரிசையைத் தொடத் தொடங்கும். உயரமும் அகலமும் ஒன்றையொன்று நெருங்கும்போது நிலைமை முழுக்க மாறிவிடும். மேற்காற்று கூரை விட்டுக் கூரை தாவி வழுக்கிக்கொண்டு போய்விடும், தெருவுக்குள் எட்டிப் பார்ப்பதோடு சரி.

ஆனாலும் தெருவுக்குள் காற்று அசைவற்று இருப்பதில்லை. மேலே வழுக்கிப் போகும் காற்று, பள்ளத்திலுள்ள காற்றின் மேல்விளிம்பை உரசி இழுக்கிறது. அதனால் தெரு முழுக்க ஒரே பெரிய சுழல் உண்டாகிறது. அது காற்று போகும் பக்கத்துச் சுவரில் இறங்கி, தரையோடு பின்னோக்கி ஓடி, காற்று வரும் பக்கத்துச் சுவரில் ஏறுகிறது. மேலே மேற்கிலிருந்து கிழக்கே காற்று வீசினால், நடைபாதையில் நிற்பவர் மேல் அது கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். மொட்டை மாடியில் கொடி ஒரு பக்கம் பறக்க, கீழே குப்பைக் காகிதம் எதிர்ப்பக்கம் ஓடுவதன் ரகசியம் இதுதான். வேகமும் மேலே இருப்பதைவிட மிகக் குறைவு.

இது வெறும் வேடிக்கை அல்ல, இதில் நுரையீரல் சம்பந்தப்பட்டிருக்கிறது. வாகனங்கள் தரையில் விடும் புகையை இந்தச் சுழல் பின்னோக்கி வாரிக்கொண்டு போய், காற்று வரும் பக்கத்து வரிசையின் காலடியில் குவிக்கிறது. எதிர்வரிசைக்கு மேலிருந்து இறங்கும், ஒப்பீட்டளவில் சுத்தமான காற்று கிடைக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் யாக்ட்வை என்ற சாலையில் நீண்ட காலம் நடந்த அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அளவுமானி இருக்கும் பக்கத்துக் கட்டடங்களைத் தாண்டி மேற்காற்று வரும்போது மாசு அதிகமாகப் பதிவானது, தெருவின் மறுபக்கத்திலிருந்து வரும்போது குறைந்தது. அதே தெரு, அதே வாகன நெரிசல். வலது நடைபாதையா இடது நடைபாதையா என்பதே மூச்சில் போகும் புகையின் அளவை மாற்றிவிடுகிறது. "இந்தத் தெருவின் காற்றுத் தரம்" என்று ஒரே எண்ணைச் சொல்வதில் எனக்கு எப்போதும் சற்று சந்தேகம் உண்டு, காரணம் இதுதான்.

தெரு இன்னும் ஆழமானால், உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கை எட்டினால், மேல்சுழல் தரை வரை வந்து சேராமல் போகலாம். அதன் கீழே எதிர்த்திசையில் இரண்டாவதாக ஒரு சோம்பேறிச் சுழல் உருவாகும். அடித்தளத்துக் காற்று மாறவே நேரமாகும்.

காற்று எப்போதும் குறுக்கே வீசுவதில்லை அல்லவா? தெருவின் நெடுக வீசினால் தெரு அதற்கு வாய்க்காலாகி, காற்று நன்றாகவே ஓடும். கோணலாக வந்தால் சுழலும் ஓட்டமும் சேர்ந்துகொள்ளும். காற்று திருகாணியின் மரைபோலச் சுழன்றபடியே தெருவோடு முன்னேறும். நடைமுறையில் பெரும்பாலும் நடப்பது இதுவே.

## மரம், வாகனம், வெயில்

மரம் நட்டால் காற்று நன்றாக வரும் என்பது நல்லெண்ணம் கலந்த குழப்பம். மரம் நிழலும் குளிர்ச்சியும் தரும். காற்றை அது தடுக்கத்தான் செய்யும், கடற்கரைகளில் சவுக்குத் தோப்பு வளர்ப்பதே அதற்காக. அகலமான தெருவில் இது பொருட்டல்ல. ஆனால் குறுகலான, வாகனம் நிறைந்த தெருவில் மேலே கிளைகள் கைகோத்துக்கொண்டால், சுழலின் வேகம் குறைந்து புகை கீழேயே தங்கிவிடும். மரமே வேண்டாம் என்பதல்ல, அந்தத் தெருவில் இடைவெளி விட்டு நடலாம்.

காற்றில்லாத நாட்களில் ஓடும் வாகனங்களே தெருக்காற்றைக் கலக்குகின்றன. வெயில் பட்ட சுவர் சூடாகி அதையொட்டிய காற்று மேலே ஏறுவதும் அப்போது முக்கியமாகிறது. பலமாகக் காற்று வீசினால் இவை இரண்டும் கணக்கிலேயே வராது.

## காற்றைத் தேடும் நகரங்கள்

தென்மேற்கு ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரம் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. பலவீனமான காற்றும் தொழிற்சாலைப் புகையும் சேர்ந்த ஊர். மலைச்சரிவுகளில் இரவில் குளிர்ந்து கனமாகும் காற்று மெல்லக் கீழே வழிந்து நகருக்குள் வரும். அது வரும் பாதையில் கட்டடம் எழுப்பிவிட்டால் அதுவும் நின்றுவிடும். 1938இலேயே நகராட்சி ஒரு வானிலை நிபுணரைப் பணியில் அமர்த்தியது. அந்தக் குளிர்காற்றுப் பாதைகளைக் கட்டடமின்றிக் காப்பது அங்கே நகரத் திட்டமிடலின் பகுதி. இங்கே பேசப்படும் காற்று மிக மெதுவானது, தாழ்வாக ஊர்ந்து வருவது. மேற்காற்று கைவிட்ட இரவுகளில் கிடைக்கும் மாற்று வழி அது.

ஹாங்காங்கின் சிக்கல் வேறு. கடலோரம் நெடுக ஒட்டி ஒட்டி எழுந்த உயரமான கட்டடங்கள், பின்னாலுள்ள பகுதிகளுக்குக் கடற்காற்று போகாதபடி சுவராகிவிட்டன. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது நெரிசலான குடியிருப்புகளின் காற்றோட்டம் அரசின் கவனத்துக்கு வந்தது. 2006 முதல் பெரிய அரசுத் திட்டங்களுக்குக் காற்றோட்ட மதிப்பீடு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. கட்டடங்களுக்கு நடுவே இடைவெளி விடுவது, வழக்கமாக வீசும் காற்றின் திசையில் தெருக்களை அமைப்பது ஆகியவற்றோடு அங்கே இன்னொரு பரிந்துரையும் உண்டு: கட்டட உயரங்களை ஏற்ற இறக்கமாக வைப்பது. எல்லாம் ஒரே உயரமானால் மேற்காற்று வழுக்கிப் போய்விடும். உயரம் மாறி மாறி இருந்தால் உயர்ந்தவை அதைப் பிடித்துக் கீழே இறக்கும்.

லீட்ஸில் உயிரைப் பறித்த அதே சரிவுக்காற்றை ஹாங்காங் கேட்டு வாங்குகிறது. எனவே "உயரக் கட்டடம் காற்றுக்கு நல்லதா கெட்டதா?" என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. குளிரும் காற்றும் மிகுந்த ஊரில் கெட்டது, வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஊரில் அளவோடு நல்லது. ஓர் ஊரின் கட்டட விதியை இன்னோர் ஊர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

## எவ்வளவு காற்று அதிகம்?

உட்கார்ந்து படிப்பவருக்குத் தொல்லையாகும் காற்று, வேகமாக நடப்பவருக்குத் தெரிவதே இல்லை. எனவே ஓர் இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதை வைத்துத்தான் அளவுகோல் வகுக்கிறார்கள். நெதர்லாந்து 2006இல் கொண்டுவந்த தரநிலை, வினாடிக்கு 5 மீட்டர் என்ற வேகத்தை எல்லையாக எடுத்துக்கொள்கிறது. ஆண்டில் எத்தனை சதவீத நேரம் காற்று அதைத் தாண்டுகிறது என்று கணக்கிட்டு இடங்களைத் தரம் பிரிக்கிறது. ஆபத்துக்கான எல்லை வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முதியவர்கள் நிலைகுலையலாம்.

லண்டனின் நிதி மையமான சிட்டி ஆஃப் லண்டனில், 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் என்ற கட்டடத்தின் காலடிக் காற்றைப் பற்றி 2015 வாக்கில் புகார்கள் எழுந்தன. 2019இல் அந்த நகராட்சி தன் காற்று வழிகாட்டுதல்களைக் கடுமையாக்கி வெளியிட்டது.

## என்ன செய்தால் குறையும்?

இயங்கும் விதம் புரிந்தால் தீர்வும் பிடிபடும். இறங்கி வரும் காற்றைத் தரைக்குச் சில மாடிகள் மேலேயே மடக்க வேண்டும். கீழே நான்கைந்து மாடிக்கு அகலமான அடிப்பகுதியைக் கட்டி, அதன் விளிம்பிலிருந்து நன்றாக உள்தள்ளிக் கோபுரத்தை எழுப்பினால், சரிவுக்காற்று அந்த மேடையின் கூரையில் மோதிச் சிதறும். தெரு தப்பும், மேடைக்கூரையில் தோட்டம் போட்டு உட்கார நினைப்பவர்தான் மாட்டிக்கொள்வார். வாசலுக்கு மேல் நீண்ட விதானம் போட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன். முனைகளை வளைத்தோ செதுக்கியோ விட்டால் முனைக்காற்றின் திடீர்த்தன்மை தணியும்.

கட்டி முடித்த பிறகு தவறு தெரிந்தால் பலரும் முதலில் நினைப்பது ஒரு சுவர். அது சரிப்படாது. முழுச்சுவர் தனக்கென்று சொந்த முனைகளையும் சொந்தச் சுழல்களையும் உண்டாக்கும், தொல்லை நான்கு மீட்டர் தள்ளிப் போகும், அவ்வளவுதான். ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஓட்டைகள் உள்ள தட்டி அதைவிட மேல். கொஞ்சம் காற்றைக் கசிய விடுவதால் பின்னே பெரிய சுழல் எழுவதில்லை, வேகமும் சீராகக் குறையும். அடர்ந்த இலையுள்ள செடிவரிசையும் இப்படித்தான் வேலை செய்கிறது, இலையுதிர்க்காத வகையாக இருந்தால்.

கட்டுவதற்கு முன்பே சோதிப்பதுதான் மலிவு. கட்டடத்தையும் சுற்றுவட்டாரத்தையும் பல நூறு மடங்கு சிறிதாக்கி மாதிரி செய்து, காற்றை ஓடவிட்டு அளக்கும் நீண்ட அறைக்குக் காற்றுச் சுரங்கம் என்று பெயர். விமானங்களுக்கான சுரங்கத்தில் மேலும் கீழும் காற்று ஒரே வேகத்தில் வரும், அதில் கட்டடத்தைச் சோதித்தால் சரிவுக்காற்று சரியாகத் தெரியாது. எல்லைப்படலத்தையும் உள்ளே உருவாக்க வேண்டும். இதற்கென்றே அமைக்கப்பட்ட முன்னோடிச் சுரங்கம் ஒன்று கனடாவின் வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ஆலன் டாவன்போர்ட்டின் முயற்சியில் 1965இல் இயங்கத் தொடங்கியது. மாதிரிக்கு முன்னே தரையெங்கும் சிறு கட்டைகளைப் பரப்பிவைத்து, கீழே காற்றை மெதுவாக்குவார்கள். இப்போது கணினி மாதிரிகளும் கூடச் சேர்ந்துகொண்டன, பெரிய திட்டங்களுக்கு இரண்டையும் செய்து ஒப்பிடுகிறார்கள்.

எந்த முறையானாலும் கட்டடத்தை மட்டும் தனியாக வைத்துச் சோதித்தால் பயனில்லை. அக்கம்பக்கத்தில் இப்போது நிற்பவை, அனுமதி கிடைத்து இன்னும் எழாதவை என்று எல்லாவற்றையும் மாதிரியில் சேர்த்து, ஒவ்வொரு காற்றுத் திசைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். பக்கத்து மனையில் ஒரு கோபுரம் எழுந்தாலோ இடிக்கப்பட்டாலோ அந்த அளவுகள் செல்லாது, திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.